ஒரே மைதானம், இரண்டு பேரேடு

கிரிக்கெட் ஸ்கோர் கார்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு பேஸ்பால் ஸ்கோர் கார்டைப் படிப்பது பெரிய வித்தையல்ல. மும்பையில் மழைக்காலத்தில் நடக்கும் காங்கா லீக் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகள் ஸ்கோர் எழுதியவன் என்ற முறையில் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆட்டத்தைப் பார்க்காவிட்டாலும் பாதகமில்லை. எண்களை வரிசையாகப் படித்தால் ஆட்டம் தானே கண்முன் வந்து நிற்கும். சில சமயம் ஆட்டத்தோடு ஓர் ஊரும், அந்த ஊரின் மனசாட்சியும் சேர்ந்து வரும்.

அப்படி ஓர் ஊர் பர்மிங்ஹாம். எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட் மைதானம் இருக்கும் இங்கிலாந்து நகரத்தைச் சொல்லவில்லை. நான் சொல்வது அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம். இரும்பும் நிலக்கரியும் வளர்த்த ஊர். நம் ஜாம்ஷெட்பூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் மைனர் லீக் பேஸ்பால் அணிக்கு 'பேரன்ஸ்' என்று பெயர். கூடைப்பந்து மன்னர் மைக்கேல் ஜோர்டான் ஒரு வருடம் பேஸ்பால் ஆடினாரே, அது இந்த அணியில்தான். அதனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கக் கூடும். ஆனால் ஜோர்டானுக்கு வெகு காலம் முன்பே இந்த ஊரின் ஆட்டக் கணக்குகளில் படிக்க வேண்டிய பக்கங்கள் நிறைய உண்டு.

எண்களைப் படிக்கும் விதம்

முதலில் இரண்டு வார்த்தை விளக்கம். அமெரிக்காவில் பெரிய அணிகள் ஆடும் மேஜர் லீக்குக்குக் கீழே, படிப்படியாக மைனர் லீக்குகள் உள்ளன. ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள். ஒவ்வொரு சிறிய அணியும் ஒரு பெரிய அணிக்கு நாற்றங்கால். அங்கே தேறியவர்களைப் பிடுங்கி மேலே நடுவார்கள். பெரும்பாலான நாற்றுகள் நாற்றங்காலிலேயே காய்ந்து போகும்.

பேட்டிங் சராசரி கிரிக்கெட்டைப் போல 'ஆட்டமிழப்புக்கு இத்தனை ஓட்டம்' என்ற கணக்கு அல்ல. பேட் செய்த முறைகளில் எத்தனை முறை நல்ல அடி அடித்து பேஸைப் பிடித்தார் என்பதே கணக்கு. பத்துக்கு மூன்று, அதாவது 0.300 என்றால் நல்ல ஆட்டக்காரர். 0.400 என்றால் கொண்டாட்டம். 0.200 என்றால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

நம் ஸ்கோர் புத்தகத்தில் பேட்ஸ்மேன்களின் ஓட்டமும் உபரியும் சேர்ந்தால் மொத்தத்துக்குச் சரியாக வர வேண்டும். பந்து வீச்சாளர் பக்கமும் அதோடு ஒத்துப் போக வேண்டும். பேஸ்பாலிலும் அப்படி ஒரு சரிபார்ப்பு உண்டு. ஓர் அணி ஆட வந்த முறைகளின் எண்ணிக்கை, அது எடுத்த ஓட்டம், பேஸ்களில் எஞ்சி நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட்டுகள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். கணக்கு சரியாக வந்தால்தான் அது ஆட்டத்தின் சான்று. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரிக்வுட் மைதானம்

1910-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ந் தேதி பர்மிங்ஹாமில் ரிக்வுட் என்ற மைதானம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இதுவே மிகப் பழையது. இந்த மைதானத்தில் இரண்டு அணிகள் ஆடின. ஒன்று வெள்ளையர் அணியான பேரன்ஸ். மற்றது கறுப்பின ஆட்டக்காரர்களின் அணியான 'பிளாக் பேரன்ஸ்'. வெள்ளை அணி வெளியூர் போயிருக்கும் நாட்களில் கறுப்பு அணிக்கு மைதானம் கிடைக்கும்.

பார்வையாளர்களுக்கும் பிரிவினை. பேரன்ஸ் ஆட்டம் என்றால் கறுப்பின மக்கள் வலது மூலையில் தனித் திண்ணையில் உட்கார வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடுவதைக்கூட, செக்கர்ஸ் பலகையில் காய் நகர்த்துவதைக்கூடத் தடை செய்த நகரச் சட்டம் ஒரு காலத்தில் அந்த ஊரில் இருந்தது. ஒரே மண், ஒரே பிட்சர் மேடு, ஒரே பந்து. ஆனால் இரண்டு பேரேடு.

வெள்ளை அணியின் பேரேடு ஒழுங்காக இருந்தது. லீக்குக்கு அதிகாரபூர்வமான கணக்கர் உண்டு. தினசரிகளில் மறுநாளே முழு ஸ்கோர் வரும். சீசன் முடிந்ததும் ஆண்டு மலரில் எல்லோருடைய சராசரியும் அச்சாகும். ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பிய பையனின் பெயர்கூட ஒரு வரியாக அதில் நிற்கும்.

கறுப்பு அணியின் பேரேடு அப்படி இல்லை. அவர்களுடைய ஆட்டங்களை அக்கறையோடு எழுதியவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் நடத்திய வாரப் பத்திரிகைகள்தான். வாரத்துக்கு ஒரு முறை வரும் பத்திரிகையில் எத்தனை ஆட்டத்துக்கு இடம் கிடைக்கும்? பல ஆட்டங்களுக்கு வெற்றி தோல்வி மட்டும் இருக்கும். சிலவற்றுக்கு அதுவும் இருக்காது. வருமானத்துக்காக ஊர் ஊராக பஸ்ஸில் போய் ஆடிய காட்சி ஆட்டங்கள் கணக்கிலேயே சேரவில்லை.

1948: ஒரு பள்ளிக்கூடப் பையன்

1948-ம் ஆண்டு பிளாக் பேரன்ஸ் அணியில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன். அந்த மே மாதம் 6-ந் தேதிதான் அவனுக்கு 17 வயது பூர்த்தியாயிற்று. பெயர் வில்லி மேஸ். அணியின் மேனேஜர் பைபர் டேவிஸ். ஆடிக்கொண்டே அணியை நடத்தியவர். அவர்தான் பையனைச் செதுக்கினார்.

அதே அணியில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆர்ட்டி வில்சன். அந்த ஆண்டு அவருடைய சராசரி 0.402 என்று பழைய ஏடுகள் சொல்லின. பந்து வீச்சில் வில்லியம் கிரீசன் என்ற இளைஞர், பிற்காலத்தில் போதகரானவர். அந்த அணி நீக்ரோ அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றது. ஆனால் அந்த ஆண்டின் இறுதித் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் 4-1 என்று தோற்றது. அந்த ஒரே வெற்றியில் கடைசி இன்னிங்ஸில் வெற்றி ஓட்டத்தை வரவழைத்த அடி, பள்ளிக்கூடப் பையன் மேஸுடையது.

மேஸின் பின்னாள் கதை உலகறிந்தது. 1950-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிரென்டன் என்ற மைனர் லீக் அணியில் 0.353. அடுத்த ஆண்டு மினியாபொலிஸில் 35 ஆட்டங்களில் 0.477! பத்துக்கு ஏறக்குறைய ஐந்து. 1951 மே மாதம் மேலே அழைத்தார்கள். பிறகு 660 ஹோம் ரன்கள்.

மேஸுக்கு இடம் கொடுக்க ஜயண்ட்ஸ் அணியிலிருந்து கீழே அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? அவருடைய பழைய சகா ஆர்ட்டி வில்சன். மேஜர் லீக்கில் வில்சனுடைய கணக்கு 19 ஆட்டங்கள், 22 முறை பேட் செய்து 4 அடிகள், சராசரி 0.182. இந்த ஒரு வரியை மட்டும் படிப்பவர், 'இவர் சாதாரண ஆட்டக்காரர்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருடைய நல்ல காலமெல்லாம் மற்றொரு பேரேட்டில் இருந்தது.

15 ஆட்டங்கள்

எண்களைப் படித்து எனக்கு மனம் கனத்துப் போன இடம் பைபர் டேவிஸின் கணக்கு. 1950-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நிறுவனம் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரராக அவரை ஒப்பந்தம் செய்து, ஸ்கிரான்டன் என்ற மைனர் லீக் அணிக்கு அனுப்பியது. அங்கே அவர் ஆடியது 15 ஆட்டங்கள். சராசரி 0.333. ஹோம் ரன் 3. அவருடைய அடியால் வந்த ஓட்டங்கள் 10. அணியில் இவை எல்லாவற்றிலும் அவரே முதலிடம்.

மே மாத நடுவில் அவரை விடுவித்துவிட்டார்கள். சொல்லப்பட்ட காரணம் பொருளாதார நெருக்கடி. மே 15-க்கு மேல் வைத்திருந்தால் அவருடைய பழைய அணிக்குப் பாக்கித் தொகையைக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அமெரிக்காவிலேயே பணக்கார அணிகளில் ஒன்றுக்கு அந்தத் தொகை பெரிதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ரெட் சாக்ஸின் பெரிய அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் களமிறங்கியது 1959-ல். மேஜர் லீக் அணிகளில் கடைசியாக மாறிய அணி அதுதான்.

டேவிஸ் அதன் பிறகும் பல ஆண்டுகள் மேற்குக் கடற்கரையில் மைனர் லீக் ஆடினார். மேலே அழைப்பு வரவே இல்லை.

4 முறை, 0 அடி

பேரன்ஸ் ஆடிய சதர்ன் அசோசியேஷன் என்ற லீக் 1901 முதல் 1961 வரை நடந்தது. அந்த 61 ஆண்டுப் பேரேட்டில் கறுப்பின ஆட்டக்காரர் ஒரே ஒருவர். அட்லான்டா அணிக்காக 1954-ல் ஆடிய நாட் பீப்பிள்ஸ். அவருடைய மொத்தக் கணக்கு 2 ஆட்டங்கள், 4 முறை பேட்டிங், 0 அடி. பிறகு வேறு லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டே ஆட்டத்தில் ஒருவனின் தரம் தெரிந்துவிடுமா? எங்கள் கிளப் செலக்டர்கள்கூட ஒரு பையனுக்கு நாலு மேட்ச் கொடுப்பார்கள். ஸ்கோர் எழுதுகிறவன் கண்ணுக்கு இந்த வரியில் தெரிவது ஆட்டக்காரரின் தோல்வி அல்ல. அறுபத்தோரு ஆண்டுகளில் நான்கே வாய்ப்பு என்பதே இதில் நிற்கும் உண்மை.

1961 முடிவில் அந்த லீக் இழுத்து மூடப்பட்டது. வருமானக் குறைவும் காரணம். கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்க மறுத்த பிடிவாதமும் காரணம். 1962, 1963 இரண்டு ஆண்டுகளும் பர்மிங்ஹாமில் மைனர் லீக் அணியே இல்லை. 1964-ல் பேரன்ஸ் திரும்பி வந்தபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சீருடையில் ரிக்வுட்டில் இறங்கினார்கள்.

1967: ரெஜி ஜாக்சன்

1967-ல் அணியின் பெயர் பர்மிங்ஹாம் ஏ'ஸ். அந்த ஆண்டின் நாயகன் 21 வயது ரெஜி ஜாக்சன். சராசரி 0.293, ஹோம் ரன் 17, மூன்று பேஸ் ஓடும் டிரிபிள் அடிகளும் 17. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே.

பேரேட்டில் இல்லாததை அவரே 2024-ல் அதே ரிக்வுட் மைதானத்தில் நின்று தொலைக்காட்சியில் சொன்னார். சாப்பாட்டுக் கடைகளில் அவரை உள்ளே விடமாட்டார்கள். ஓட்டல்களில் அறை தரமாட்டார்கள். சக ஆட்டக்காரர் ஜோ ரூடியின் வீட்டு சோபாவில் வாரத்துக்குச் சில இரவுகள் படுத்துத் தூங்கியிருக்கிறார். அவருக்குச் சாப்பாடு இல்லையென்றால் அணியில் யாருக்கும் இங்கே வேண்டாம் என்று மேனேஜர் ஜான் மெக்னமாரா மொத்தப் பேரையும் எழுப்பிக்கொண்டு போய்விடுவாராம். அந்தத் துணை இல்லாவிட்டால் தான் தாக்குப் பிடித்திருக்க முடியாது என்றார் ஜாக்சன். அந்த 0.293-க்குப் பின்னால் எத்தனை தூங்காத இரவுகள்! வெளியூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போய், பெயரையும் மொழியையும் கேட்டதும் கதவு சாத்தப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1994: ஜோர்டானின் வரி

இப்போது ஜோர்டானுக்கு வருவோம். 1993-ல் தந்தை கொலையுண்ட சில மாதங்களில் அவர் கூடைப்பந்திலிருந்து விலகினார். 1994-ல், 31 வயதில், பேரன்ஸ் அணியில் டபுள் ஏ நிலையில் பேஸ்பால் ஆட வந்தார். அப்போது பேரன்ஸின் மைதானம் புறநகரான ஹூவருக்கு மாறியிருந்தது. மேனேஜர் டெர்ரி பிரான்கோனா. பின்னாளில் பாஸ்டனுக்கு 2004-ல் கோப்பை வாங்கித் தந்தவர்.

ஜோர்டானின் கணக்கு: 127 ஆட்டங்கள், 436 முறை பேட் செய்து 88 அடிகள், சராசரி 0.202. ஹோம் ரன் 3. அடியால் வந்த ஓட்டங்கள் 51. திருடிய பேஸ்கள் 30. ஸ்ட்ரைக்-அவுட் ஆனது 114 முறை. பிடிக்கத் தவறிய பிழைகள் 11. பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் பள்ளி நாட்களுக்குப் பின் பேட்டையே பிடிக்காத மனிதர், மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே, பத்துக்கு இரண்டு முறை அடித்தார் என்றால் அது கேலிக்குரியதல்ல. நடுவில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் அடி அடித்திருக்கிறார். 51 ஓட்டம் வரவழைத்தது 0.202 ஆட்டக்காரருக்குக் கெட்டிக்காரத்தனம்.

உலகமே பார்த்த ஆட்டக்காரர் என்பதால் அவருடைய 114 ஸ்ட்ரைக்-அவுட்டும் பத்திரமாக இருக்கிறது. ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. அதே ஊரில், 46 ஆண்டுகளுக்கு முன்பு ஆடிய வில்லி மேஸின் ஹோம் ரன் காணாமல் போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது.

76 ஆண்டுகள் கழித்து 10 அடிகள்

பல ஆண்டுகளாக ஆர்வலர்கள் சிலர் அமெரிக்க நூலகங்களில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளின் நுண்படச் சுருள்களைப் புரட்டி, நீக்ரோ லீக் ஆட்டங்களின் ஸ்கோர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். சம்பளம் வாங்காமல் செய்தவர்கள் பலர். 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக் தரமானவையே என்று மேஜர் லீக் அமைப்பு அறிவித்தது. 2024 மே மாதத்தில் 2,300-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் எண்கள் அதிகாரபூர்வமான பேரேட்டில் சேர்ந்தன. வாழ்நாள் சராசரியில் டை காபின் 0.367-ஐத் தாண்டி ஜாஷ் கிப்சன் 0.372 என்று முதலிடத்துக்கு வந்தார். கிப்சன் 1947-லேயே, 35 வயதில் இறந்துவிட்டார்.

வில்லி மேஸுக்கு என்ன கிடைத்தது? 1948-ல் பிளாக் பேரன்ஸுக்காக அடித்த 10 அடிகள். அவருடைய மொத்தம் 3,283-லிருந்து 3,293 ஆயிற்று. ஆனால் ஹோம் ரன் 660-லேயே நின்றது. அந்த ஆண்டு அவர் ஒரு ஹோம் ரன் அடித்தார் என்று செய்தி இருக்கிறது. முழு ஸ்கோர் கார்டு கிடைக்கவில்லை. முன்பு சொன்னேனே, கணக்கு சரியாக வந்தால்தான் சான்று என்று. அந்த விதி இங்கே குறுக்கே நின்றது. விதி சரியானதே, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் அன்று யாரோ ஒருவர் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் அது 661.

2024 ஜூன் 20-ந் தேதி ரிக்வுட் மைதானத்தில் மேஜர் லீக் ஆட்டம் ஒன்றை நடத்தி நீக்ரோ லீக்குகளுக்கு மரியாதை செய்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 18 அன்று, வில்லி மேஸ் 93-வது வயதில் காலமானார். 1948 அணியின் வில்லியம் கிரீசன் 99 வயதில் மைதானத்துக்கு வந்து சம்பிரதாயமான முதல் பந்தை வீசினார்.

நமக்கு என்ன?

'அமெரிக்கப் பந்தாட்டம் நமக்கு எதற்கு?' என்று சில அன்பர்கள் கேட்கலாம். நம் நாட்டுக் கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலூ இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த இடது கைச் சுழல் பந்து வீச்சாளர். மைதானத்தில் அவர் கையிலிருந்து பந்தை வாங்கியவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு வெளியே தனியாக மண் குவளையில் கொடுத்தார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் எடுத்தது 114 விக்கெட். இந்து அணிக்கு அவர் ஒருபோதும் முறையான தலைவர் ஆக்கப்படவில்லை. ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் ஸ்கோரை ஒழுங்காக எழுதி வைத்ததால், அந்த 114-ஐ இன்றுவரை யாராலும் மறைக்க முடியவில்லை. குவளையைத் தனியாக வைத்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

ஸ்கோர் எழுதுகிறவனுக்குக் கைதட்டல் கிடையாது. மழையில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, பந்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே இருப்பான். அந்தப் புள்ளிதான் ஐம்பது வருடம் கழித்து ஒருவனுக்காக வாதாடும். தேர்வுக் குழு ஒருவனைத் தள்ளலாம். அவன் எடுத்த ஓட்டத்தைத் தள்ள முடியாது, அது எழுதப்பட்டிருந்தால்.

ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கங்கள் ஆண்டுதோறும் பொங்கல் விளையாட்டு விழா நடத்துகின்றன. பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், கோகோ, கேரம் போட்டிகள் வைக்கிறோம். கோப்பை வாங்கியவர் படம் மலரில் வருகிறது; மற்றவர்களின் கணக்கு, பந்தல் பிரிக்கும்போது குப்பையோடு போகிறது. இனி தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். ஆடிய எல்லாப் பிள்ளைகளின் பெயரையும், பூஜ்யம் எடுத்த பிள்ளையின் பெயரையும் சேர்த்து, தேதியோடு எழுதி அலுவலக அலமாரியில் வைப்போம். எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன்.